தெருப் பையன்கள் கத்தியோடு ரீல்ஸ் போடுகிறார்கள், போலீஸில் சொல்லலாமா?

கடலூர் முதுநகரில் உங்கள் தெருப் பையன்கள், எல்லாம் பதினாறு வயசு, பட்டாக்கத்தியில் கேக் வெட்டி ரீல்ஸ் போடுகிறார்கள். போலீஸுக்குப் போனால் படிப்பு கெடுமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நாலு அடியோடு முடியும், அடி வாங்கியவனுக்குத் தெருவில் மவுசு கூடும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கேட்டுப் பாருங்கள். கொடுங்குற்றமாக இல்லாமல், பெரிய ஆள் யாரும் கூட்டுச் சேராமல் இருந்தால் சிறுவர்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, பொது டைரியில் பதிந்து, குடும்பச் சூழலை எழுதி சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி.

இதெல்லாம் கத்தி கைக்கு வந்த பிறகு. நான் சாயங்காலம் கபடி சொல்லித் தருகிறவன். ஒன்பதாவதில் தவறி, பள்ளிக்கூடம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவன். மேட்சுக்குப் போக பஸ் காசுக்கே தவிப்பவன், திடீரென்று புது போனோடு வந்தான்.

"யாருடா வாங்கிக் கொடுத்தது?"

"அண்ணன், மாஸ்டர்."

"எந்த அண்ணன்?"

பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, புதுச்சேரி சரக்கு. ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிற பையனை செக்போஸ்ட்டில் யார் இறக்கிச் சோதிப்பார்கள்? இன்றைக்குப் பாட்டில் தூக்குகிறவன் கையில்தான் நாளைக்குக் கத்தியைக் கொடுப்பார்கள். பையனை மது கடத்தப் பயன்படுத்தினால் 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். நம் ஊர்க்காரர்கள் புகாரில் பையன் பேரை எழுதுவார்கள், அண்ணன் பேரை எழுத மாட்டார்கள். பயம்தான், வேறென்ன.

மீன் விற்கும் அவன் அம்மாவையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அக்காவையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனோம். திரும்பப் பள்ளிக்கூடம் போக அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்கு எட்டாவது பாஸ் போதும் என்று அந்த அக்காதான் சொன்னார். சேர்ந்துவிட்டான். போனை மட்டும் விட மனசில்லை, அம்மா பிடுங்கித்தான் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் தெருவிலும் கத்தி பிடித்தவனை விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தில் யார் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருக்கிறான் என்று முதலில் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். அந்த ரீல்ஸைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வழக்கில் சிக்கிய சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம், 6 மாதம் வரை சிறை உண்டு.