கன்ட்ரி பாட்டும் முதல் கிட்டாரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலீஷ் பாட்டே அவ்வளவா கேக்காத ஆளு நான். போன மாசம் நைட் பஸ்ல பக்கத்து சீட்டு பையன் ஜானி கேஷ்னு ஒரு அமெரிக்க பாடகரோட பாட்டு ஒண்ணு போட்டு காட்டினான், அன்னைலேர்ந்து அவர் பாடற கன்ட்ரி, அதான் அந்த ஊர் கிராமத்து பாட்டு, அது தவிர வேற எதுவும் காதுல ஏறல. அப்படி என்னதான் சார் இருக்கு அதுல? வயசு 34 ஆச்சு, இனிமே கிட்டார் கத்துக்க முடியுமா, எது வாங்கறது? (கரூர் வாசகர்)

பதில்: தாராளமா கத்துக்கலாம். உங்கள புடிச்சது அந்த பாட்டு கதை சொல்ற விதம்தான். ரயில் வேலை, நிலக்கரி சுரங்கம், கடன், குடி, விட்டுட்டு போன பொண்ணு, எதையும் சுத்தி வளைக்காம, திண்ணைல உக்காந்து பேசற மாதிரி பாடுவாங்க, கிட்டார் அந்த பேச்சுக்கு குறுக்க வராம கூடவே நடக்கும்.

1927 ஆகஸ்ட்ல, அமெரிக்காவுல டென்னசி வர்ஜினியா மாநிலங்களோட எல்லைல இருக்கற பிரிஸ்டல் ஊர்ல ரால்ஃப் பியர்னு ஒருத்தர் ரெக்கார்டிங் மெஷினோட உக்காந்திருந்தார். மலை பக்கத்துலேர்ந்து கார்ட்டர் குடும்பம்னு ஒரு பாட்டு குழு வந்துச்சு, அதுல மேபெல் கார்ட்டருக்கு 18 வயசு, வயித்துல எட்டு மாச புள்ள. கட்டைவிரலால தடிச்ச கம்பில மெட்டு வாசிச்சுக்கிட்டே மத்த விரலால மெல்லிசு கம்பிகள தட்டி தாளமும் போடுவாங்க, ஒரே கிட்டார்ல ரெண்டு வேலை! அதுக்கப்புறம் கிட்டார் எடுத்த எத்தனையோ பேர் அந்த அம்மாகிட்டேர்ந்து வந்தவங்கதான். அதே வாரம் அதே எடத்துல பாடின ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயில்ல பிரேக்மேனா, அதாவது பிரேக் போடற ஆளா இருந்தவர், டிபி வந்து அந்த வேலைய விட்டவர். கஷ்டப்பட்ட ஜனங்க வாயிலேர்ந்தே வந்த பாட்டுங்க, அதான் பாஷை தாண்டியும் மனசுல ஒட்டுது.

இப்ப கிட்டார். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் (கரண்ட் இல்லாம வாசிக்கறது) வாங்குங்க. நைலான் கம்பி விரலுக்கு மெத்துனு இருக்கும்னு சொல்லி கிளாசிக்கல் கிட்டார தள்ளி விடுவாங்க, ஆனா அதுல கழுத்து அகலம், நீங்க பஸ்ல கேட்ட அந்த கணீர் சத்தமும் வராது. யமஹா எஃப்310 மாதிரி ஒண்ணு போதும், தொடக்கத்துல இதுக்கு மேல செலவு பண்ண வேணாம். பெரிய உடம்பு கிட்டார் வச்சு தோள் தூக்கிக்கிச்சுனா கொஞ்சம் சின்ன சைஸ் கேளுங்க.

பிராண்ட விட முக்கியம் கம்பியோட உயரம். கிட்டார் கழுத்துல குறுக்க வரிசையா பதிச்சிருக்கற உலோக பட்டைங்கதான் ஃப்ரெட். 12வது ஃப்ரெட்ல தடிச்ச கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 2.5 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா நல்லது. என் முதல் கிட்டார்ல அது 4க்கு மேல இருந்துச்சு, கடைக்காரர் அப்படித்தான் இருக்கும் பழகிடும்னுட்டார், நானும் நம்பி விரல் நுனி வெடிக்க வெடிக்க அழுத்தி, கடைசில நமக்கு இது வராதுன்னு பரண்ல போட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ரிப்பேர் பண்ற ஒருத்தர் பிரிட்ஜ் (கிட்டார் உடம்புல கம்பிங்கள மாட்டற கட்டை) மேல இருக்கற வெள்ளை பட்டைய கழட்டி அடில தேய்ச்சு திரும்ப மாட்டினார், அவ்வளவுதான், அதே கிட்டார் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. போன ரெண்டு வருஷத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. அதனால கடைலயே ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி பாருங்க, எங்கயாவது கம்பி கரகரன்னா வேற எடுக்க சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

கேள்வி: எத்தனை கார்டு தெரிஞ்சா பாட்டு பாடலாம்? என் குரலுக்கு சுருதி ஒத்து வரலைன்னா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஜி, சி, டி. கார்டுனா சில சுரங்கள ஒண்ணா சேர்த்து வாசிக்கற விரல் பிடி. பழைய கன்ட்ரி பாட்டு பாதிக்கு மேல இந்த மூணுலயே ஓடும். எஃப் கார்டுக்கு அவசரப்படாதீங்கம்மா, எல்லார் கையும் வலிக்கறது அங்கதான். சுருதிக்கு கேப்போ, அதாவது எல்லா கம்பியையும் ஒண்ணா அழுத்தி பிடிக்கற கிளிப், ஒண்ணு வாங்கிக்குங்க, ரெண்டாவது ஃப்ரெட்ல மாட்டினா அதே ஜி விரல்லயே ஏ சுருதி வந்துடும்.

கரூர் வாசகருக்கு இன்னொண்ணு. ஜானி கேஷ் ஆரம்பத்துல டிரம்ஸ் இல்லாம வாசிச்சவர், 1956ல வந்த ஐ வாக் த லைன் பாட்டுக்கு கம்பிங்க நடுவுல பேப்பர சொருகி டிரம்ஸ் மாதிரி சத்தம் வர வச்சார். நீங்களும் ஒரு துண்டு பேப்பர ஒரு கம்பிக்கு மேல, அடுத்ததுக்கு கீழனு பின்னி விட்டு தட்டி பாருங்க, பஸ்ல கேட்ட அந்த ரயில் சத்தம் உங்க மடிலேர்ந்து வரும்.