கொழுக்கட்டைச் சொப்பு விரிகிறதா?

ஐந்து வயது மகள் சொப்பு பிடிக்கும்போதே ஓரம் விரிகிறது, வெந்ததும் பூரணம் வழிகிறது என்று எழுதியிருந்தீர்கள். மாவு சரியாக வேகவில்லை. 1 கப் இடியாப்ப மாவுக்கு 1½ கப் தண்ணீர், உப்பு, 1 ஸ்பூன் நல்லெண்ணெய். தளதளவெனக் கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து 5 நிமிடம் மூடிவையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நீங்களே பிசையுங்கள், குழந்தைக்கு அந்தச் சூடு வேண்டாம்.

அவளிடம் ஒரே ஒரு உருண்டை கொடுங்கள், மிச்சத்தை ஈரத்துணியால் மூடுங்கள். சின்னக் கைகள் உருட்டிக்கொண்டே இருக்கும், மாவு காய்ந்துவிடும். விரிசல் விட்டால் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். சொப்பு வராவிட்டால் எண்ணெய் தடவிய மோதக அச்சே நல்லது.

பூரணம் உருட்டினால் நிற்கும்வரை சுருளக் கிளறுங்கள். ஆவியில் 8-10 நிமிடம், மேல்மாவு பளபளத்ததும் இறக்கிவிடுங்கள். அதிகம் வெந்தால் வெடிக்கும்.