லாரிக்கு ஆண்டுக்கு 18,000, குழாய்க்கு ஒருமுறை 28,000: எதில் பணம் போடலாம்?

கேள்வி: பள்ளிக்கரணையில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோடையில் அதுவும் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 240 லாரி வாங்குகிறோம். 12,000 லிட்டர் லாரிக்கு 1,800 ரூபாய். குடிக்கவும் சமைக்கவும் கேன், ஒன்று 40 ரூபாய். இப்போது தெருவுக்கு மெட்ரோ குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது. இணைப்பு, தொட்டி வேலை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 28,000 ரூபாய் ஆகும். "இன்று இணைப்பு, நாளை மீட்டர், அடுத்து கோவையைப் போலத் தனியாரிடம் கொடுத்துவிடுவார்கள்" என்று பாதிப் பேர் மறுக்கிறார்கள். பணம் போடலாமா? வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது பயன் தருமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: போடுங்கள். தயக்கமே வேண்டாம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 240 லாரிக்கு 4,32,000 ரூபாய், வீட்டுக்கு 18,000. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 18 கேன் என்றால் ஆண்டுக்கு 8,640. ஆக, ஒரு குடும்பம் தண்ணீருக்கு மட்டும் ஆண்டுக்கு 26,640 ரூபாய் செலவழிக்கிறது. குழாய் இணைப்புக்குக் கேட்கும் 28,000 ரூபாய் ஏறக்குறைய இந்த ஓராண்டுச் செலவுதான். லாரிப் பணம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் மறைந்துவிடுகிறது, கேன் பணம் சில்லறையாகப் போகிறது. அதனால்தான் ஒரே தடவையில் கேட்கும் தொகை மட்டும் மலைப்பாக இருக்கிறது.

மெட்ரோ தண்ணீர் வந்தவுடன் லாரி அடியோடு நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் தினமும் வருமா, எவ்வளவு நேரம் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். லாரியில் பாதி மட்டும் குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 9,000 மிச்சம். குடிநீர்க் கட்டணத்துக்காக 1,200 ரூபாயைக் கழித்தாலும் 7,800 நிற்கும். நான்கு ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். அதே 28,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 1,960 ரூபாய்தான். கேனில் மிச்சமாவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழ்நிலைத் தொட்டியை இரண்டாகத் தடுத்து, மெட்ரோ தண்ணீரைத் தனியாகச் சேமித்து, சமையலறைக்குத் தனிக் குழாய் விடுங்கள். லாரித் தண்ணீரோடு கலந்துவிட்டால் கேன் செலவு அப்படியே தொடரும். தனியாக வரும் தண்ணீரின் டிடிஎஸ் அளவை, அதாவது அதில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் அந்த உப்பு ஏற்கத்தக்கது; ஆர்.ஓ. இயந்திரம் தேவையில்லை. காய்ச்சிக் குடிக்கலாம், அல்லது புறஊதா வடிகட்டி வைக்கலாம். மாதம் 720 ரூபாய் மிச்சம்.

இனி, உங்கள் உறுப்பினர்களின் அச்சம். அதை அலட்சியப்படுத்தாதீர்கள், காரணம் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: இப்போது நாம் வாங்குவது யாருடைய தண்ணீர்? லாரியும் கேனும் முழுக்க முழுக்கத் தனியார் வணிகம். அதற்கு விலை வரம்பு இல்லை, கேள்வி கேட்க மன்ற உறுப்பினர் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது லாரி விலை எங்கே போனது என்பது அவர்களுக்கே நினைவிருக்கும். உங்கள் லாரி விலை ஆயிரம் லிட்டருக்கு 150 ரூபாய். 20 லிட்டர் கேன் கணக்கில் அதே ஆயிரம் லிட்டர் 2,000 ரூபாய். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் நிறுவனத்தோடு குடிநீர் வாரியம் முதலில் ஒப்புக்கொண்ட விலையே ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் அளவுதான். அது பழைய விலை, குழாயில் கொண்டுவரும் செலவு தனி. என்றாலும் இடைவெளியைப் பாருங்கள்.

கோவையில் 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குக் குடிநீர் வழங்கலை நடத்த 26 ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டபோது மாநகராட்சி சொன்னது, கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் என்பதுதான். திருப்பூர் அனுபவம் இன்னும் பழையது. பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தரும் திட்டம் அரசு-தனியார் கூட்டு நிறுவனமாக அங்கே தொடங்கியது. ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், ஊர் மக்களுக்கு அந்த விலையில் சிறு பங்குதான். ஆலை தரும் பணம்தான் வீட்டுக் குழாயைத் தாங்கியது. 2011-இல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் விற்பனை சரிந்து, நிறுவனம் கடனில் தத்தளித்தது. எனவே கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், விற்பனை குறைந்தால் நட்டம் யார் தலையில் என்ற இரண்டையும் எந்த ஒப்பந்தத்திலும் மக்கள் கேட்கத்தான் வேண்டும். இணைப்பு வாங்கிய நுகர்வோராக இருந்து கேளுங்கள். லாரிக்குக் காத்திருப்பவர் குரல் அங்கே எடுபடாது.

வீட்டு மீட்டரை இப்போது தள்ளிப்போடுங்கள். உங்களைப் போன்ற கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்கே இரண்டு மூன்று குழாய்கள் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் வேண்டும். ஒன்றுக்கு 4,500 என்றால் மூன்றுக்கு 13,500 ரூபாய். பாதியாகக் குறைந்த லாரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானாலும் ஆண்டுக்கு 1,800தான். பணம் திரும்ப ஏழரை ஆண்டு. அதுவரை லாரிச் செலவை வீட்டுக் கணக்கில் பிரிக்காமல் ஆள் கணக்கில் பிரியுங்கள். இருவர் உள்ள வீடும் அறுவர் உள்ள வீடும் ஒரே தொகை கட்டுவது அநியாயம்.

செலவில்லாத அளவுகோல் ஒன்று உங்களிடமே இருக்கிறது. லாரி வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, அளவுக் கோலைத் தொட்டிக்குள் இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் முழுதும் இறங்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். தொட்டி 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் என்றால் 12,000 லிட்டருக்கு மட்டம் 1.6 மீட்டர் உயர வேண்டும். 1.4 மீட்டர்தான் உயர்ந்தது என்றால் வந்தது 10,500 லிட்டர். 1,500 லிட்டருக்கு வீணாகப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். காவலாளியிடம் ஒரு நோட்டு கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

28,000 ரூபாயை ஒரே தடவையில் கட்ட முடியாதவர்களுக்குச் சங்க இருப்பிலிருந்து முன்பணம் கொடுத்து, பத்து மாதத் தவணையில் வட்டியின்றி வாங்கிக்கொள்ளலாம். லிஃப்ட் பழுதுக்கு வைத்திருக்கும் தொகையில் மட்டும் கை வைக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களிடம் இந்தத் தொகையைக் கேட்பது முறையல்ல. சொத்துக்குச் சேரும் வசதி என்பதால் அது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. மாதக் கட்டணமும் லாரிப் பங்கும் மட்டுமே குடியிருப்பவருடையது. இதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.