வாசகர் கேள்வி: சூரை பெருகினால் வரம்பு உயர வேண்டாமா?

கேள்வி: அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியேகோவில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறேன். நீலத்துடுப்புச் சூரைக்கு ஆளுக்கு நாளைக்கு 10 என்றிருந்த வரம்பை 2015-இல் 2 ஆக்கினார்கள். இப்போதுதான் மீன் பெருகிவிட்டதே, ஏற்றினால் என்ன?
– வாசகர், சான் டியேகோ

பதில்: ஏற்றலாம், ஆனால் பழைய 10-க்கு ஒரே தாவாகப் போகக்கூடாது என்பேன். அன்றைக்கு பசிபிக்கில் முட்டையிடும் வயதுள்ள நீலத்துடுப்புச் சூரைகளின் மொத்த எடை, மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதில் 3 சதவீதம்கூட இல்லை. 2034-க்குள் 20 சதவீதத்தைத் தொடுவதுதான் இலக்கு, அதைப் பத்து வருஷம் முன்னதாகவே தாண்டியாகிவிட்டது. 2025 முதல் வணிகப் படகுகளுக்கான பிடி வரம்பையும் உயர்த்தினார்கள். அப்படியிருக்க, வரம்பைக் குறைத்தபோது சேர்ந்து குறைத்துக்கொண்ட தூண்டில்காரர்களுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் நியாயம்.

ஆனால் எதையும் எண்ணித்தான் செய்ய வேண்டும். வணிகப் படகின் பிடியைக் கரையில் எடை போட்டுவிடலாம், ஆயிரக்கணக்கான தூண்டில்காரர்களின் பிடி படகுக் குறிப்பேட்டையும் ஆய்வையும் நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் கடலிலேயே மீனை அறுத்தால் நான்கு சதைப்பாளம், கழுத்துப்பட்டை, வயிற்றுப்பகுதி என்று தோலோடு ஆறு துண்டாக, ஒரு மீனுக்கு ஒரு பை என்று வைக்கச் சொல்கிறார்கள். மஞ்சள்துடுப்புச் சூரையிலிருந்து பிரித்துப் பார்க்க தோலும் துடுப்பும் வேண்டும், சரியா? தோலை உரித்துவிட்டால் எந்த மீன் என்று அதிகாரி எப்படிச் சொல்வார்? அந்த விதியை மட்டும் தளர்த்தவே கூடாது.