இமைக்குள் இத்தனை அடுக்குகளா?

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் அவருடைய வலது மேலிமை மெல்ல மெல்ல இறங்கி, இப்போது கண் பாப்பாவைப் பாதி மறைக்கிறது. இமையைத் திறந்து தசையைத் தைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கண்ணுக்கு இவ்வளவு அருகில் கத்தி பட்டால் பார்வைக்கு ஆபத்து இல்லையா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. ஆயினும் இச்சிகிச்சையில் கண்கோளத்துக்குள் யாரும் நுழைவதில்லை; வேலை முழுவதும் இமையின் அடுக்குகளுக்குள்ளேயே நடக்கிறது.

மேலிமையைத் தூக்கும் முதன்மைத் தசைக்கு லிவேட்டர் என்று பெயர். அது கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, கண்கோளத்தின் மேலாக முன்னோக்கி வந்து, இமையை நெருங்கும்போது மெல்லிய வெண்ணிற விரிப்பாக மாறி, டார்சஸ் எனப்படும் இமைத் தகட்டைப் பற்றிக்கொள்கிறது. வயதாகும்போது இந்தப் பிடி தளர்வதுண்டு. கண்புரை அறுவையின்போது இமைகளை விரித்துப் பிடிக்கும் கருவியின் இழுவையாலும் தளரலாம். அப்போது தசை வலுவாகவே இருக்கும், பற்றுதல்தான் போயிருக்கும். இமை மடிப்பு வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்பது இதற்கு ஓர் அடையாளம். புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டு, கீழே பார்த்துப் பின் மேலே பார்க்கச் சொன்னால் இமை விளிம்பு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நகர வேண்டும். 4 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் தசையே வலுவிழந்துள்ளது, அதற்குச் செய்யும் சிகிச்சை வேறு.

மருத்துவர் பெரும்பாலும் இமை மடிப்பிலேயே கீறுவார். தழும்பு அதற்குள் மறைந்துவிடும். உடலிலேயே மிக மெல்லிய தோல் அங்கே இருக்கிறது. அதற்கடியில் கண்ணை மூடும் வட்டத் தசை, அதற்கும் பின்னால் செப்டம் என்னும் சவ்வு. அதைத் திறந்தவுடன் மஞ்சள் கொழுப்பு தெரியும். கொழுப்பு என்றதும் வெட்டி எறிய வேண்டியது என்று நினைத்துவிடக் கூடாது. லிவேட்டர் விரிப்பு அதற்கு நேர் பின்னால் இருக்கிறது என்று வழிகாட்டுவதே அதுதான். வெளிப்புறத்தில் வெளிர்நிறமாக, சற்றே கெட்டியாகத் தெரிவது கண்ணீர்ச் சுரப்பி. கொழுப்பென்று எண்ணி அதை அகற்றினால் கண் வறண்டுபோகும் என்பதால் அனுபவமுள்ள கை தேவை. விரிப்பைத் தகட்டோடு தைக்கும்போது, மரத்துப்போக ஊசி மட்டும் போட்டிருப்பதால், கண்ணைத் திறக்கச் சொல்லி இரு இமைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிச்சிடுவார்கள்.

அரிதான பேராபத்து, கண்குழிக்குள் இரத்தம் கசிந்து அழுத்தம் உயர்வதுதான். எனவே தாயார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிகிச்சைக்குப் பின் கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இமை மாலையில் அதிகம் தொங்குமானால் தசைநரம்புக் கோளாறுக்கான பரிசோதனை முதலில் தேவை. திடீரென இறங்கி, இரட்டையாகத் தெரிந்தாலோ பாப்பா விரிந்திருந்தாலோ, அது நரம்பு சார்ந்த அவசர நிலை.

கேள்வி: தகரம் கிழித்து மகனுக்குக் கீழிமையின் உள்முனையில் காயம். தையல் போட்டால் போதுமா?

பதில்: தோலை மட்டும் தைத்தால் போதாது. மூக்கை ஒட்டிய அந்த இடத்தில், கண்ணீரை மூக்குக்குள் கொண்டு செல்லும் நுண்குழாய் இமை விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அது அறுபட்டிருந்தால், மெல்லிய சிலிக்கோன் குழலை உள்ளே வைத்து இணைத்துத் தைக்க வேண்டும். இல்லையேல் கண்ணில் எந்நேரமும் நீர் வடியும். ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.