அக்கா என்று கூப்பிடுபவரிடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 62 வயது. ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து இந்த டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். பிராவிடண்ட் ஃபண்டில் 12 லட்சம் ராண்ட் சேர்ந்திருக்கிறது. எங்கள் கோயிலில் காவடி எடுக்கும் ஒரு தம்பி நிதி ஆலோசகர். முழுப் பணத்தையும் லிவிங் ஆன்யுட்டியில் போடச் சொல்கிறார். நல்ல பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நம்பிக் கொடுக்கலாமா? துருவிக் கேட்டால் மனசு கோணிவிடுமோ என்றும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காவடிக்கும் ஆன்யுட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கமாட்டேன். நம் ஆட்களிடையே கல்யாணம், வீடு, கார் எல்லாமே கோயில் வாசலில்தான் பேசி முடிகிறது. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

லிவிங் ஆன்யுட்டியில் உங்கள் பணம் முதலீட்டில் இருக்கும். அதிலிருந்து ஆண்டுக்கு 2.5 முதல் 17.5 சதவீதம் வரை எவ்வளவு எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆலோசகர் ஆண்டுக்கு ஒரு சதவீதம் கேட்பது சாதாரணம். 12 லட்சத்தில் அது 12,000 ராண்ட், மாதம் ஆயிரம். நீங்கள் 5 சதவீதம் எடுத்தால் மாதம் 5,000 ராண்ட் வரும், அதுவும் வருமான வரிக் கணக்கில் சேரும். நீங்கள் ஐயாயிரம் எடுக்கும்போது அவர் ஆயிரம் எடுக்கிறார். ஃபண்டை நடத்தும் கம்பெனியின் கட்டணம் இதில் சேரவில்லை.

இப்போது அவர் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கும் பணத்தில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி கிடையாது. 2023 மார்ச்சிலிருந்து இதுதான் வரம்பு, முன்பு எடுத்தது இருந்தால் கழித்துக்கொள்வார்கள். 2021 மார்ச் முதல் தேதியில் 55 வயது நிறைந்திருந்து, அதே பிராவிடண்ட் ஃபண்டில் தொடர்கிறவர் விரும்பினால் முழுவதையும் ரொக்கமாக எடுக்கலாம். உங்கள் கணவர் இதில் வருகிறார் என்றுதான் தெரிகிறது. முழுவதையும் எடுக்கச் சொல்லவில்லை, வரி கடிக்கும். கொஞ்சம் எடுத்து, வீட்டுக் கடன் இருந்தால் அடைக்கலாம், மிச்சத்தைப் போடலாம். சாகும்வரை சம்பளம் மாதிரி வரும் லைஃப் ஆன்யுட்டியும் இருக்கிறது. இதில் எதைச் செய்தாலும் அந்தத் தம்பிக்கு ஆண்டுதோறும் வரும் தொகை குறையும் அல்லது நின்றுபோகும். லைஃப் ஆன்யுட்டிக்குப் பெரும்பாலும் ஒரு தடவை கமிஷன், அவ்வளவுதான். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. தன் கடையில் இருக்கும் சரக்கைக் காட்டுகிறார்.

சரி, மனசு கோணாமல் கேட்பது எப்படி? 'தம்பி, உங்கள் எஃப்.எஸ்.பி. நம்பர் என்ன?' என்று கேளுங்கள். அதுதான் நிதி ஆலோசனை தருவதற்கான லைசென்ஸ் நம்பர். லைசென்ஸ் உள்ளவர்கள் லெட்டர்ஹெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.எஸ்.சி.ஏ.வின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். எந்தெந்த வகைத் திட்டங்களுக்கு அனுமதி என்றும் இருக்கும். அதை முழுவதும் படியுங்கள். இறுதிச்சடங்கு பாலிசி விற்க மட்டும் அனுமதி வாங்கியவரும் ஓய்வுப் பணத்தைப் பற்றிப் பேச வருவதுண்டு.

லைசென்ஸ் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2010-இல் ஷேர்மேக்ஸ் என்ற கட்டட முதலீட்டுத் திட்டம் சரிந்தபோது ஓய்வூதியக்காரர்கள் பலர் பணத்தை இழந்தார்கள். அவர்களிடம் விற்றவர்களில் லைசென்ஸ் வைத்திருந்த புரோக்கர்களும் இருந்தார்கள்.

அதனால் எழுத்தில் வாங்குங்கள். ஏன் இதைப் பரிந்துரைக்கிறார், வேறு எதையெல்லாம் யோசித்தார், அவருக்கு எவ்வளவு போகிறது என்று எழுதித் தருவது 2002-இல் வந்த, நிதி ஆலோசகர்களுக்கான ஃபேய்ஸ் சட்டப்படி அவர் கடமை. சட்டம் கேட்பதைத்தானே நீங்களும் கேட்கிறீர்கள், இதில் கோபப்பட என்ன இருக்கிறது? பின்னால் தகராறு வந்தால் ஃபேய்ஸ் ஓம்புட் என்ற புகார் விசாரணை அலுவலகம் காசு வாங்காமல் விசாரிக்கும். முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அங்கே பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

அப்புறம் ஒன்று. தம்பியைப் பார்க்கும் முன்பே, கணவரைத் தொழிற்சாலையின் எச்.ஆர். அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஓய்வு பெறப்போகும் உறுப்பினருக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று விளக்கும் ஏற்பாட்டை ஃபண்டே செய்ய வேண்டும், 2019-இலிருந்து அது விதி. டிசம்பர் என்றால் இந்த மாதமே கேட்டுவிடுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.