மலைப்பாதையில் பள்ளி வண்டி: டெண்டர் கேள்வி பதில்

பள்ளி வண்டிகளைத் தனியாருக்கு டெண்டர் விடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. குன்னூரில் ஒரு பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பில் 19 வருடம் இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வண்டி உரிமையாளரிடம் கணக்கு எழுதினேன். விலை எழுதிக் கவர் போடுகிறவர் பாடும் தெரியும், கவர் பிரிக்கிறவர் பாடும் தெரியும். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கோத்தகிரி, வேன் உரிமையாளர்: சார், என்னிடம் இரண்டு வண்டி இருக்கிறது. பள்ளி டெண்டரை எங்கே பார்ப்பது?

பதில்: அரசு, உள்ளாட்சி, அரசு நிறுவனங்கள் விடுவது தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில் வரும். வெலிங்டன் பக்கம் மத்திய அரசு அலுவலகங்கள் கேட்பது ஜெம் (GeM) என்ற மத்திய அரசுக் கொள்முதல் போர்ட்டலில் வரும். தனியார் பள்ளிகள் நாளிதழில் ஒரு சிறு விளம்பரமோ, பள்ளி வாசலில் ஒரு நோட்டீஸோ போடுவார்கள். மார்ச் கடைசியிலேயே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

உதகை, பெற்றோர்: எங்கள் பள்ளி தனியார் பள்ளி. டெண்டரே விடாமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டெண்டர் சட்டப்படி தவறு இல்லையா?

பதில்: 1998-ஆம் வருடத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும்தான். தனியார் அறக்கட்டளைப் பள்ளியை அது கட்டாது. ஆனால் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் அதில் வரும். யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த வண்டி வருகிறது என்று கேளுங்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யும் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

குன்னூர், பள்ளி அலுவலர்: மூன்று பேர் கவர் போட்டார்கள். குறைந்த தொகை சொன்னவருக்கே கொடுத்தோம். ஆனால் ஜூன் மாதம் வந்த வண்டி வேறு. என்ன செய்வது?

பதில்: நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒப்பந்தத்தில் வண்டி எண்ணை எழுதுங்கள். "26 இருக்கை மினிபஸ் ஒன்று" என்று எழுதினால் எந்த மினிபஸ்ஸும் வரலாம். பதிவு எண், சேஸிஸ் எண், தயாரித்த வருடம், டிரைவரின் லைசென்ஸ் எண் நான்கும் வேண்டும். மாற்று வண்டி வந்தால் அதன் எண்ணும் முன்கூட்டியே பட்டியலில் இருக்க வேண்டும்.

நான் பட்டது இது. டெக்னிக்கல் கவரில், அதாவது விலை இல்லாமல் வண்டி விவரம் மட்டும் உள்ள கவரில், ஒருவர் புது வண்டியின் படம் வைத்திருந்தார். அழகான ஷார்ட் சேஸிஸ், கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்பும். ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிடக் குஞ்சப்பனை பக்கம் அதே ரூட்டில் நானும் ஏறினேன். வந்தது பழைய வண்டி. இறக்கத்தில் டிரைவர் மூன்றாவது கியரிலேயே விட்டு, காலை பிரேக்கிலேயே வைத்திருந்தார். இரண்டாவது வளைவு தாண்டும்போதே லைனர் கருகும் வாசம் உள்ளே வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கிப் பின் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டு போனேன். ஒரு சாண் தூரத்திலேயே அனல் அடித்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கினோம். மறுநாள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் வண்டி எண் எங்கேயும் இல்லை. அபராதம் போடக்கூட எனக்கு வழியில்லை. எழுதாதது என் தப்பு.

உங்களுக்கு இப்போது செய்யக்கூடியது, டெக்னிக்கல் கவரில் அவர் காட்டிய ஆர்.சி. நகலை ஒப்பந்தத்தின் பகுதி என்று குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுப்பது. டெண்டர் ஆவணத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

மேட்டுப்பாளையம், பேருந்து உரிமையாளர்: எங்கள் வண்டி டி.என்.40. பிள்ளைகளை ஏற்ற மலைக்கு வர இ-பாஸ் வேண்டுமா?

பதில்: நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு, அதாவது டி.என்.43-க்கு, விலக்கு உண்டு. உங்களுடையதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அருவங்காடு, வேன் உரிமையாளர்: பள்ளிக்கு பில் போடும்போது ஜி.எஸ்.டி. சேர்க்க வேண்டுமா?

பதில்: மேல்நிலை வரை உள்ள பள்ளிக்கு, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஏற்றிப் போகும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. பில் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். டி.டி.எஸ்., அதாவது வருமான வரி, பில்லிலேயே பிடிப்பார்கள். தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி என்றால் 2 சதவீதம். வரிவிலக்கு தெரியாமல் ஜி.எஸ்.டி. சேர்த்து விலை சொல்லித் தோற்றுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சூர், மினிபஸ் உரிமையாளர்: சார், போன வருடம் மழையில் எவ்வளவோ நாள் லீவு விட்டார்கள். ஓடாத நாளுக்குப் பணம் இல்லை என்று பள்ளி பிடித்துவிட்டது. வண்டி டியூ யார் கட்டுவது?

பதில்: இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம்.

பள்ளிகள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விலை கேட்கிறார்கள். கணக்குக்கு ஒரு மினிபஸ்ஸை வைத்துக்கொள்வோம். மாதம் டியூ 26,000, டிரைவர் 18,000, உதவியாளர் 9,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு 9,000. ஆக 62,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது போகும். அப்புறம் ஓட்டச் செலவு. மலையில் டீசல், டயர், லைனர் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று வையுங்கள். தினம் 60 கிலோமீட்டருக்கு 1,440. மாதம் 22 நாளுக்கு மொத்தம் 93,680 ரூபாய், ஒரு நாளுக்கு 4,258.

இப்போது ஒரு நாள் மழைக்கு லீவு. உரிமையாளருக்கு 4,258 போகிறது, மிச்சமாவது 1,440 மட்டும். நிகர நஷ்டம் 2,818. மாதத்தில் ஐந்து நாள் என்றால் 14,090 ரூபாய். அவர் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும்.

பணம் போவதைவிட எனக்குப் பயம் வேறு. காலை ஐந்தரை மணி. மஞ்சூர் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, மண் சரிகிறது, இன்னும் லீவு அறிவிக்கவில்லை. டிரைவர் போன் போட்டால் முதலாளி என்ன சொல்வார்? "மெதுவாகப் போய்ட்டு வந்துரு" என்பார். கெட்டவர் என்பதால் அப்படிச் சொல்வதில்லை. போகாவிட்டால் 2,818 ரூபாய் போகும் என்று நம் ஒப்பந்தம்தான் அவரிடம் சொல்லியிருக்கிறது. 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. இப்படிப்பட்ட ஊரில், மழை நாளில் ஓட்டினால்தான் பணம் என்று எழுதக் கூடாது.

விலையை இரண்டாகக் கேளுங்கள். மாத நிலைக்கட்டணம் ஒன்று, கிலோமீட்டர் கட்டணம் ஒன்று. இரண்டையும் சேர்த்து வருடக் கணக்குப் போட்டு எல்1, அதாவது குறைந்த தொகை சொன்னவர், யார் என்று பாருங்கள். லீவு நாளில் கிலோமீட்டர் பணம் மட்டும் நிற்கும்.

உதகை, பெற்றோர்: இதை ஏற்க முடியவில்லை. ஓடாத வண்டிக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? எனக்கும் மழை நாளில் கடை மூடித்தான் கிடக்கிறது. எனக்கு யார் தருகிறார்கள்?

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது அம்மா. ஆனால் அந்தப் பணத்தை நீங்கள் இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மழையில் எத்தனை நாள் போகும் என்று தெரியாத உரிமையாளர், பயத்துக்கு ஒரு தொகையை விலையிலேயே ஏற்றிவைத்துவிடுவார். மழை குறைந்த வருடத்திலும் அது திரும்பி வராது. விலையை ஏற்றத் தெரியாதவர் எல்1 ஆகி, டிசம்பரில் டயர் மாற்றக் காசில்லாமல் நிற்பார்.

மஞ்சூர், மினிபஸ் உரிமையாளர்: சரியாகச் சொன்னீர்கள் சார். நாங்கள் இரண்டாயிரம் மூவாயிரம் ஏற்றித்தான் போடுகிறோம்.

லவ்டேல், பள்ளி நிர்வாகி: நிலைக்கட்டணம் உறுதி என்று ஆகிவிட்டால், பனிமூட்டம் என்று சொல்லி வாரம் ஒரு நாள் வண்டியை எடுக்க மாட்டார்களே!

பதில்: நியாயமான பயம். யார் முடிவு செய்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆட்சியர் விடுமுறை, அல்லது காலை 5.45-க்குள் பள்ளி அனுப்பும் செய்தி, இரண்டில் ஒன்று இருந்தால் நிலைக்கட்டணம் உண்டு. டிரைவர் வழியில் நிறுத்தினால் இடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காரணமில்லாமல் வராத நாளுக்கு அன்றைய நிலைக்கட்டணமும் பிடித்து, மாற்று வண்டிச் செலவையும் பிடிக்கலாம். வருடத்துக்கு இத்தனை நாள் வரை முழுசு, அதற்கு மேல் பாதி என்று வரம்பும் வைக்கலாம்.

இன்னொன்று. மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பீர்கள் அல்லவா? அந்தச் சனிக்கிழமைக்குக் கிலோமீட்டர் பணம் மட்டும் கொடுத்தால் போதும். நிலைக்கட்டணம் ஏற்கெனவே போய்விட்டது. பெற்றோருக்கு இரட்டைச் செலவு வராது.

மஞ்சூர், மினிபஸ் உரிமையாளர்: சனிக்கிழமை டிரைவருக்குப் படி?

பதில்: அதை மறந்துவிட்டேன், நன்றி. படியைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். டீசல் ஏறி இறங்குவதற்கும் ஒரு வரி போடுங்கள். டெண்டர் திறந்த நாளில் குன்னூர் பங்க் விலை என்னவோ அதுதான் அடிப்படை.

உதகை, பெற்றோர்: சனிக்கிழமைக் கணக்கு எனக்குத் தெரியாது. அப்படியென்றால் யோசிக்கலாம்.

குன்னூர், வேன் உரிமையாளர்: டெண்டர் எங்கே பார்ப்பது சார்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

பந்தலூர், ஆசிரியர்: எங்கள் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து 11 பிள்ளைகள். யானை நடமாட்டம் உள்ள வழி. வண்டிக்கு ஆள் கேட்டால் யாரும் வருவதில்லை.

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் நான் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன். பள்ளி எட்டாத சிறு குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்வது கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி அரசின் கடமை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருடம் அதிகபட்சம் 6,000 ரூபாய். 11 பிள்ளைக்கு 66,000. 220 நாளால் வகுத்தால் நாளுக்கு 300 ரூபாய். காலை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மழையில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். 300 ரூபாய்க்கு யார் வருவார்கள்?

பக்கத்துக் குடியிருப்புகளை ஒரே ரூட்டில் சேர்த்து 25 பிள்ளைகள் வருமா என்று பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அந்த ஊரிலேயே ஜீப் வைத்திருப்பவரைப் பேசுங்கள். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் திரும்பும் நேரத்தோடு பொருந்தினால் அவருக்கும் கட்டும். அதற்காக ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவான வண்டியை, பிடிக்காதீர்கள். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிய பணத்தை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. ஒரு ஜீப் வைத்துப் பிழைப்பவர் அதில் எழவே மாட்டார். இங்கேயும் வண்டி எண்ணை எழுதுங்கள்.

குன்னூர், பள்ளி அலுவலர்: கவர் போட்டவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு தடவை மூன்று கவர் பிரித்தேன். மூன்றிலும் "உதவியாளர்" என்பதில் ஒரே எழுத்துப்பிழை. பசை வழிந்த விதம்கூட ஒன்று. மூன்று விலையும் ஒவ்வொன்றுக்கும் சரியாக 1,500 வித்தியாசம். ரத்து செய்துவிட்டு, ஐந்து ரூட்டையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி விட்டோம். ஒரே வண்டி வைத்திருப்பவர்கள்கூட வந்தார்கள். போட்டிச் சட்டம் 2002-இல் ஏலக்கூட்டு தவறுதான், ஆனால் ஒரு பள்ளி அலுவலகம் அந்த வழக்கை நடத்த முடியாது. ரூட்டைப் பிரிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கூடலூர், மினிபஸ் உரிமையாளர்: அரசு டெண்டரில் எல்1 நான்தான். வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பதில்: உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். நாள் ஓடுகிறது, இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேத்தி, பெற்றோர்: எந்தக் கம்பெனி நல்லது சார்?

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். இதே கேள்வி இன்று நான்காவது தடவை வருகிறது. கம்பெனியைக் கேட்காதீர்கள், வண்டி எண்ணைக் கேளுங்கள்.

கோத்தகிரி, பள்ளி வண்டி டிரைவர்: அண்ணா, நான் 14 வருடமாக ஓட்டுகிறேன். ரோடு சரியில்லை என்று நானே நிறுத்தினால் சம்பளம் பிடிக்கிறார்கள். இதற்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டா?

பதில்: உண்டு தம்பி, யாரும் எழுதுவதில்லை. நான் கடைசி ஆறு வருடம் போட்ட வரியை அப்படியே தருகிறேன், உங்கள் பள்ளியில் காட்டுங்கள்: "மழை, பனிமூட்டம், மண்சரிவு, மரம் விழுதல், வனவிலங்கு ஆகிய காரணங்களால் சாலை பாதுகாப்பாக இல்லை என்று ஓட்டுநர் கருதினால் வண்டியை நிறுத்தலாம். உடனே பள்ளிக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அந்த நாளுக்கு ஓட்டுநர், உதவியாளர் ஊதியத்தில் பிடித்தம் கூடாது. பிடித்தது தெரிந்தால் அந்தத் தொகையைப் பள்ளி ஒப்பந்ததாரரின் பில்லில் கழித்து ஓட்டுநரிடம் நேரடியாகக் கொடுக்கும்."